பத்துச் சொட்டு

பணி ஓய்வு பெற்ற மறுமாதம், பெங்களூரில் இருக்கும் மகளிடமிருந்து கூரியரில் ஒரு பெட்டி வந்தது. கையில் வாங்கியபோதே கனத்தை வைத்து, ரத்தக் கொதிப்பு பார்க்கிற மெஷின்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். அறுபது வயதுக்காரனுக்குப் பிள்ளைகள் அனுப்புகிற பெட்டியில் வேறென்ன இருந்துவிடப் போகிறது. பிரித்தால் பெட்டிக்குள் ஒரு பெட்டி, அதற்குள் சுருக்குப்பை மாதிரி ஒரு துணிப்பை, பைக்குள் ஒரு மைப்பேனா. எபனைட்டைக் கடைசல் பிடித்துச் செய்தது. கறுப்பு என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பினால் வெல்லப்பாகு மாதிரிப் பழுப்பு ரேகைகள் ஓடுகின்றன. கூடவே ஜப்பானிலிருந்து வந்த ஒரு மைப்புட்டி, ரப்பர் குமிழ் வைத்த ஒரு குழாய், நகத்தளவு டப்பாவில் ஏதோ பசை, நான்காக மடித்த ஒரு தாள். தாளில், இந்தப் பேனாவுக்கு மை நிரப்புவது எப்படி என்று ஏழு கட்டங்களில் படம் போட்டு விளக்கியிருந்தார்கள்.

எனக்கு! மன்னார்குடியில் ஆறாம் வகுப்பு ‘பி’ பிரிவில், ஓடுகிற மாட்டு வண்டியின் பின்கட்டையில் உட்கார்ந்தபடியே ஒரு சொட்டு கீழே விழாமல் பேனாவுக்கு இங்க் போட்ட எனக்கு! அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன். (அது எவ்வளவு பெரிய தப்பு என்பது பிறகு.)

முதலில் மூடி. அதைக் கழற்ற இரண்டேகால் சுற்று. பொத்தானை அமுக்கினால் முனை எட்டிப் பார்க்கிற பேனாக்களோடு முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்கு இந்த இரண்டேகால் சுற்று ஒரு யுகம். அந்த நேரத்துக்குள், எழுத வந்த விஷயத்தை எழுதத்தான் வேண்டுமா என்று யோசித்துவிடலாம். மனிதர்கள் மூடியைத் திருகித் திறந்து எழுதிய காலத்தில் மொட்டைக் கடுதாசிகள்கூடக் கொஞ்சம் நிதானமாகத்தான் இருந்திருக்கும். அப்புறம் வாசனை. எபனைட் என்பது ரப்பரில் கந்தகத்தை அள்ளிப் போட்டு வேகவைத்து இறுக்கிய சரக்கு. உள்ளங்கையில் வைத்து நாலு தேய்ப்புத் தேய்த்தால் அந்தக் கந்தகம் லேசாக எழுந்து வரும். தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் கிடக்குமே, அந்த வாசனையின் ஒன்றுவிட்ட தம்பி. மூக்குக்குப் பக்கத்தில் பேனாவைக் கொண்டுபோனதுதான் தெரியும், 1976-ம் வருஷத்துக்குப் போய்விட்டேன்.

அதுவரை சிலேட்டும் பலப்பமும், பிறகு பென்சிலும்தான். பேனா என்பது ஆறாம் வகுப்புக்குப் போனால் கிடைக்கிற பூணூல் மாதிரி ஒரு சமாசாரம். அப்பா என்னைக் கடைத்தெருவுக்கு அழைத்துப்போய், கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்த பேனாக்களில் ஒன்றை எடுத்து, நிப்பைக் கட்டைவிரல் நகத்தில் அழுத்திப் பார்த்து, வெளிச்சத்தில் அதன் பிளவைப் பார்த்து, கடைக்காரரிடம் விலை பேசி, நாலணா குறைத்து, அதன் பிறகும் என்னிடம் தரவில்லை. அது பூஜை அறையில் மூன்று நாள் இருந்து, விஜயதசமி அன்றைக்குச் சந்தனப் பொட்டோடு கைக்கு வந்தது. முதல் எழுத்து பிள்ளையார் சுழி. இரண்டாவதாக என்ன எழுதுவது என்று தெரியாமல் என் பெயரை எழுதினேன். மூன்றாவதாகக் கையெழுத்துப் போட்டுப் பார்த்தேன். நான்காவது, ஐந்தாவது என்று கணக்கு நோட்டின் கடைசி மூன்று பக்கமும் கையெழுத்துத்தான், அதுவும் பெயருக்குக் கீழே இரண்டு கோடு இழுத்து அதற்கடியில் இரண்டு புள்ளி வைக்கிற கலெக்டர் தோரணைக் கையெழுத்து. பத்து வயதுப் பையனின் கையெழுத்தை யார் எங்கே கேட்கப் போகிறார்கள் என்ற கேள்வியே எனக்குத் தோன்றவில்லை. பிறகு அரசு அலுவலகத்தில் வருஷக்கணக்காக ஒரு நாளைக்கு நூறு கையெழுத்துப் போட்டபோது, அந்தக் கோடும் புள்ளியும் ஒவ்வொன்றாக உதிர்ந்து, ஓய்வு பெறும்போது அது ஒரு கொக்கியும் வாலுமாக மிஞ்சியது.

பேனாவுக்கு அன்றைக்கு உடம்பு மாதிரி உறுப்புகள் இருந்தன. கழுத்து, நாக்கு, வயிறு. கழுத்தைத் திருகிக் கழற்றினால் வயிறு முழுக்க வெறும் குழாய். அதில் ஃபில்லரால் இங்கை விட்டு, மரைக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு, கழுத்தை மூடி, நிப்பைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டால் ஆயிற்று. எங்கள் வகுப்பில் எண்ணெய் வைக்காமல் தலை வாரி வந்தவர்களே இல்லை என்பதால் நிப்புக்கும் தினசரி எண்ணெய்க் குளியல். எழுதவில்லை என்றால் உதற வேண்டும். உதறினால் முன்பெஞ்சுக்காரன் முதுகில் நீலப்புள்ளிகள் ஒரே வரிசையில், நெல் நாற்று நட்ட மாதிரி விழும். அவன் முன்னால் இருப்பவன் முதுகில் அவன் நட்டிருப்பான். கடைசி பெஞ்சுக்காரர்களின் சட்டை மட்டும் வெள்ளையாக இருந்த ரகசியம் அவர்களுடைய அம்மாக்களுக்குக்கூடத் தெரியாது.

உதறியும் எழுதவில்லை என்றால் அறுவை சிகிச்சை. அரை பிளேடை எடுத்து, நிப்பைக் கழற்றி, அடியில் இருக்கும் கட்டையின் காடியைக் கீறி ஆழப்படுத்துவோம். அமெரிக்காவில் இன்சூரன்ஸ் வேலை பார்த்த வாட்டர்மேன் என்ற மனிதர் 1884-ல் காப்புரிமை வாங்கியது இந்தக் காடிக்குத்தான் என்பதும், மை கீழே இறங்க இறங்க அதே வழியில் காற்று மேலே ஏறினால்தான் பேனா ஒழுங்காக எழுதும் என்பதும், அந்தக் கீறல்களின் அகலத்தில்தான் சூட்சுமமே இருக்கிறது என்பதும் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை. அவர் மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்ததை நான் அரை பிளேடால் அரை நிமிஷத்தில் திருத்தி அமைத்தேன். பேனா அதன் பிறகு எழுதவில்லை, ஒழுகியது. சொட்டு சொட்டாகக் கட்டுரை நோட்டில் விழுந்த நீலக் குளத்தைப் பார்த்துத் தமிழ் ஐயா, “என்னடா, பேனாவுக்கு ஜலதோஷமா?” என்று கேட்டுவிட்டு, ஜலதோஷத்துக்கான கஷாயத்தை என் தொடையில் கொடுத்தார். குளத்தை வற்றவைக்க சாக்பீஸை உருட்டுவோம். உருட்டி முடித்த சாக்பீஸில் யார் எழுதினாலும் கரும்பலகையில் பாதி எழுத்து வெள்ளையாகவும் பாதி வெளிர்நீலமாகவும் வரும்.

இங்க் வாங்கவும் வழி இருந்தது, வாங்காமலிருக்கவும் வழி இருந்தது. வீட்டில் பிரில் பாட்டிலோ கேமல் பாட்டிலோ இருக்கிற பையன் பணக்காரன். மற்றவர்களுக்குப் பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடையில் ஐந்து பைசாவுக்கு ஒரு பேனா நிறைய. அதுவும் இல்லையென்றால் கடன். ஒரு பேனாவின் கழுத்தைக் கழற்றி, இன்னொரு பேனாவின் வாயில் அதைச் சாய்த்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று உரக்க எண்ணிக்கொண்டே சொட்டுவிட வேண்டும். பக்கத்தில் ஒரு சாட்சி இருக்க வேண்டும். வாங்கியவன் பிறகு எண்ணித் திருப்பித் தர வேண்டும். அரைப் பரீட்சை சரித்திரத் தேர்வன்று என் பக்கத்து பெஞ்சுக்காரன் என்னிடம் வாங்கியது பத்துச் சொட்டு. அந்தப் பத்தில்தான் அவன் பானிபட் யுத்தம் மூன்றையும் நடத்தி முடித்தான். திருப்பித் தரவில்லை. ஏனென்றால் அடுத்த மாதமே சிங்கப்பூரிலிருந்து வந்த அவனுடைய மாமா அவனுக்கு ஒரு ஹீரோ பேனா கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

ஹீரோ பேனாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஷாங்காயில் செய்தது. தங்க நிற மூடி, அதில் அம்புக்குறி கிளிப்பு, உள்ளே நிப்பு முழுக்கத் தெரியாமல் முக்காடு போட்டுக்கொண்டு நுனியை மட்டும் காட்டும். அது 1941-ல் அமெரிக்காவில் வந்த பார்க்கர் 51-ன் சாயல் என்பதெல்லாம் எங்களுக்கு எங்கே தெரியும். பார்க்கரைப் பார்த்தால் ஹீரோ மாதிரி இருக்கிறதே என்றுதான் சொல்லியிருப்போம். அதற்கு ஃபில்லர் வேண்டாம். பாட்டிலுக்குள் தலையை முக்கி, பின்னால் இருக்கும் குழாயை நாலு அமுக்கு அமுக்கினால் தானே குடித்துக்கொள்ளும். ஹீரோ வந்த அன்றிலிருந்து அவன் சொட்டுப் பொருளாதாரத்திலிருந்தே விலகிவிட்டான். கடனை நினைவுபடுத்தியபோது, “ஃபில்லர் பேனாக்காரனுக்கெல்லாம் எப்படிடா இதிலேர்ந்து சொட்டு விடறது?” என்று கேட்டான். அந்தக் கேள்வி எத்தனை வருஷம் உள்ளே கிடந்தது என்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

அப்படிப்பட்ட நான் மைப்பேனாவைக் கைவிட்ட கதை ஒரு வரிக் கதை. 1980-களில் வெள்ளை உடம்பும் நீல மூடியுமாக ரெனால்ட்ஸ் வந்தது, ஒழுகவில்லை, உதற வேண்டியதில்லை, போனேன். பால்பாயின்ட்டில் எழுதினால் கையெழுத்து குட்டிச்சுவராகப் போய்விடும் என்று தமிழ் ஐயா வகுப்புக்கு வகுப்பு எச்சரித்திருந்தார். அவர் சொன்னது பலித்தது. ஆனால் அதற்குள் யாரும் கையெழுத்தைப் பார்க்காத காலம் வந்துவிட்டதால் எனக்கு நஷ்டமில்லை.

ஆக, பேனா வந்த அன்று ஏழு கட்டப் படத்தைப் பார்க்காமலே மை நிரப்பினேன். கை நடுங்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் மரைக்குக் கீழே எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது விரலுக்கு நினைவிருந்தது. நிப்பைத் தலையில் துடைக்கக் கையைத் தூக்கியபோதுதான், துடைப்பதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை என்பது ஞாபகம் வந்தது. பிள்ளையார் சுழி போட்டேன். நிப்பு ஜெர்மனியிலிருந்து வந்ததாம். காகிதத்தில் அது கீறவில்லை, வழுக்கவும் இல்லை, வெண்ணெய் தடவிய தோசைக்கல்லில் கரண்டி போகிற மாதிரி ஒரு போக்கு. ‘உ’வின் வால் முடிகிற இடத்தில் மை சற்றே தேங்கி, அங்கே மட்டும் நீலம் அடர்ந்து, கண்ணெதிரே மெல்லக் காய்ந்தது. மையின் பெயர் சுகி-யோ. நிலவுள்ள இரவு என்று அர்த்தமாம். எங்கள் காலத்தில் மைக்கு இருந்த பெயர்கள் ராயல் புளூ, புளூ பிளாக், இரண்டே. இப்போது இலையுதிர்கால மழைக்கு ஒரு மை, மலைக் கஷ்கொட்டைக்கு ஒரு மை. ஐம்பது மில்லி புட்டி ஆயிரம் ரூபாய்க்கு மேல் என்று மகள் சொல்லவில்லை. பெட்டியில் பில் கிடந்தது.

சரி, பிள்ளையார் சுழிக்குப் பிறகு? பெயர் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன், கோடும் புள்ளியும் வைத்தே போட்டேன். அதற்குப் பிறகு எழுத ஒன்றுமில்லை. ஐம்பது வருஷத்தில் உலகம் இவ்வளவு முன்னேறியும் நான் மூன்றாவது வரியிலேயே நிற்கிறேன். சமையலறையிலிருந்து மனைவி, “சும்மாத்தானே உட்கார்ந்திருக்கீங்க, மளிகைச் சாமான் லிஸ்டையாவது எழுதுங்களேன்” என்றாள். எழுதினேன். துவரம்பருப்பு ஒரு கிலோ, கடுகு நூறு, வெந்தயம் நூறு, பெருங்காயம் ஒரு டப்பா, எல்லாம் நிலவொளியில். நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம், உறிஞ்சுதாள் மாதிரி மையைக் குடித்து ஒவ்வொரு எழுத்துக்கும் மீசை முளைத்திருந்தது, இருந்தாலும் அழகாகத்தான் இருந்தது. மனைவி அதைப் போட்டோ எடுத்து மளிகைக்கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். ஐந்து நிமிஷத்தில் பதில்: “அம்மா, எழுத்துப் புரியல. வாய்ஸ்ல சொல்லிடுங்க.”

நாலாம் நாள் விபத்து. பேனாவில் பாதி மை தீர்ந்திருந்த சமயம், பென்ஷன் சம்பந்தமான ஒரு மனுவின் கடைசிப் பத்தியில் நிப்பிலிருந்து ஒரு பெரிய சொட்டு, அதே பழைய குளம். சட்டைப் பையிலும் ஒன்று. மடித்து வைத்த தாளை அப்போதுதான் எடுத்துப் படித்தேன். ஆறாவது கட்டத்தில் போட்டிருக்கிறார்கள்: பேனா பாதி காலியானால் உள்ளே காற்று சேரும், கைச்சூட்டில் அந்தக் காற்று விரியும், விரிந்து மையை வெளியே தள்ளும், ஆகவே பாதியாகும்போதே நிரப்பிவிடவும். எனக்கு முதலில் வந்தது கோபம். அன்றைக்கு என் தொடையில் விழுந்தது பிளேடுக்காக மட்டுமா, இந்தக் காற்றுக்காகவுமா? தமிழ் ஐயா இருந்தால் இந்த ஆறாவது கட்டத்தைக் காட்டிப் பாதி அடியைத் திருப்பிக் கேட்டிருப்பேன். சட்டையைப் பார்த்த மனைவி ஒன்றும் சொல்லாமல் எலுமிச்சம்பழத்தை நறுக்கி எடுத்து வந்தாள். கறை போகவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முன்பு அம்மா புளித்த மோரும் உப்பும் போட்டுத் தேய்ப்பாள், அப்போதும் போனதில்லை.

அந்தச் சட்டைக் கறைதான் மாடிவீட்டுத் தம்பியை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது. நங்கநல்லூரில் எங்கள் மாடியில் குடியிருக்கிற கம்ப்யூட்டர்காரர், வயது முப்பது இருக்கும். படிக்கட்டில் என்னைப் பார்த்தவர் சட்டைப் பையைப் பார்த்து, “அங்கிள், இது சுகி-யோவா?” என்றார். துணியில் பார்த்தே மையின் பெயரைச் சொல்லுகிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். பேனாவைக் காட்டியதும் இரண்டு கையாலும் வாங்கினார், கழுத்தைக் கழற்றினார், வெறும் குழாயைப் பார்த்து, “ஐடிராப்பர்!” என்று பெருமூச்சு விட்டார். ஃபில்லரால் நிரப்புகிற பேனாவுக்கு இப்போது அந்தப் பெயர். நிறைய மை கொள்ளும், உள்ளே கெட்டுப்போகப் பாகம் எதுவும் இல்லை, அதனால் அதற்கு மவுசு. ஹீரோ பேனாவைப் பற்றிக் கேட்டேன். “அதுவா அங்கிள், ஆரம்பத்துல சும்மா பழகறதுக்கு வாங்குவாங்க” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருடைய வாடகையைக் குறைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

அவரிடம் முப்பது புட்டி மை இருக்கிறது. பச்சையில் மட்டும் ஆறு. பச்சை! பச்சை மையில் கையெழுத்துப் போடுகிற கெஜட்டட் அதிகாரியாக வேண்டும் என்பதற்காகத்தானே கணக்கு நோட்டில் அத்தனை பக்கம் பழகினேன். மார்க் ஷீட் நகலில் சான்றொப்பம் வாங்க, தெரிந்தவர் மூலமாகத் தெரிந்தவரைப் பிடித்து, அவர் வீட்டுத் திண்ணையில் அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்த காலம் அது. பச்சைக்கு ஒரு படி கீழே நின்றே நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது பெரும்பாலான இடங்களில் நகலில் அவரவரே கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. பச்சை மை எதற்கும் சான்றளிக்கத் தேவையில்லாத ஓர் இளைஞரின் அலமாரியில் ஆறு புட்டியாக உட்கார்ந்திருக்கிறது.

“அங்கிள், உங்க சுகி-யோல ஒரு ரெண்டு எம்.எல். கிடைக்குமா? நான் பதிலுக்குப் பச்சை தர்றேன்.” இவர்களுக்குள் இப்படிச் சின்னச் சின்னக் குப்பிகளில் மாற்றிக்கொள்வது வழக்கமாம். ஊசி இல்லாத சிரிஞ்சும் குப்பியும் எடுத்து வந்தார். “சிரிஞ்ச் வேண்டாம் தம்பி” என்று சொல்லிவிட்டு ஃபில்லரை எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று என் வாய் தானாக எண்ண ஆரம்பித்தது. அவர் சிரித்தார். இரண்டு மில்லிக் கோட்டை மை தொட்டபோது நாற்பது. அவரும் பச்சையை நாற்பது எண்ணியே கொடுத்தார், மனைவிதான் சாட்சி.

அன்று இரவு பேனாவைக் கழுவிப் பச்சையை நிரப்பினேன். எழுத விஷயம் கிடைத்துவிட்டது. எங்கள் பள்ளிக்கூட செட்டுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு, அதில் பக்கத்து பெஞ்சுக்காரனும் இருக்கிறான். திருப்பூரில் பனியன் கம்பெனி, தினமும் காலை ஐந்தரைக்கு ரோஜாப்பூவோடு குட்மார்னிங் அனுப்புகிறவன். விலாசம் கேட்டேன். “லொகேஷன் அனுப்பட்டுமா?” என்றான். கதவு நம்பர், தெருப் பெயர், பின்கோடு என்று ஒவ்வொன்றாக வாங்குவதற்குள் அரை மணி நேரம் ஆயிற்று. பின்கோடு அவனுக்கே தெரியவில்லை, பேத்தியைக் கேட்டுச் சொன்னான். மறுநாள் தபாலாபீஸில் இன்லண்ட் லெட்டர் கேட்டபோது கவுன்ட்டரில் இருந்த பெண் பீரோவின் அடித்தட்டு வரை தேடி ஒன்றை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். இரண்டரை ரூபாய். அங்கே நின்ற பென்ஷன்காரர்கள் இரண்டு பேர் என் பேனாவைப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் குடுங்க, சலான்ல ஒரு கையெழுத்து” என்றார்கள். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கொடுத்தேன். நிப்பு வளைந்துவிடப் போகிறதே என்று, அவர்கள் எழுதி முடிக்கிறவரை அதன் நுனியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடிதத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. நலம், நலமறிய ஆவல். பிறகு, ஆறாம் வகுப்பு அரைப் பரீட்சை சரித்திரத் தேர்வன்று நீ என்னிடம் பெற்ற பத்துச் சொட்டு மை இன்றுவரை வரவாகவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன், வட்டி கேட்கும் உத்தேசமில்லை, அசல் போதும். கீழே பச்சையில் கையெழுத்து, இரண்டு கோடு, இரண்டு புள்ளி. மடித்து, நாக்கால் நனைத்து ஒட்டினேன்.

ஐந்து நாள் ஆயிற்று. ஆறாம் நாள் காலை ஐந்தரைக்கு வழக்கம்போலப் போன் சிணுங்கியது. குட்மார்னிங் இல்லை, ரோஜா இல்லை. “கடுதாசி கிடைச்சுது. அழுதுட்டேன்டா. இந்தா உன் பாக்கி” என்று எழுதி, அதற்குக் கீழே நீல நிறத்தில் நீர்த்துளிப் படங்களை வரிசையாகப் போட்டிருந்தான்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினேன். ஒன்பதுதான் இருந்தது.